வந்துகொண்டே இருக்கும் நாற்காலி

என் சகலையோடு நான் பேசுவதில்லை.

இது திடீரென்று வந்த கோபம் அல்ல. வருஷக்கணக்காக ஒழுங்காகச் செய்துவரும் வேலை. காலையில் எழுகிறேன், பல் விளக்குகிறேன், சகலையோடு பேசாமல் இருக்கிறேன், அப்புறம்தான் டீ குடிக்கிறேன். காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட அவரோடு பேசாமல் இருக்கத் தவறியதில்லை. அவர் கடல் தாண்டி வேறு நாட்டில் இருப்பதால் இந்த வேலையில் சிரமம் குறைவு என்று என் மனைவி சொல்வாள். அவளுக்கு என்ன தெரியும்? பக்கத்தில் இருப்பவனோடு பேசாமல் இருக்க முகத்தைத் திருப்பினால் போதும். தூரத்தில் இருப்பவனோடு பேசாமல் இருக்க அவனை நினைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

விஷயம் ஒரு நாற்காலி.

நான் துறைமுகத்தில் கிடங்குக்காரன். கப்பலில் வரும் சரக்கு இறங்கி, என் கிடங்கில் தங்கி, சோதனை முடிந்து, உரியவர் வந்து எடுத்துப் போகும் வரை அதற்குக் காவல் நான். ஒரு சமயம் ஒரு கப்பல் சமையற்காரர் வேலையை விட்டு ஊர் திரும்பும்போது, தூக்கிப்போக முடியாமல் தன் ஆடும் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். வெளிநாட்டு மரம். உட்கார்ந்து ஒரு முறை காலை ஊன்றினால் போதும், தானாக ஆடிக்கொண்டே இருக்கும். ஜன்னல் ஓரம் போட்டு, கண்ணை மூடினால், வீட்டுச் சுவர்கள் மெல்ல விலகிப்போகும். தண்ணீர் தெரியும். நான் கடலைத் தாண்டியதே இல்லை. அந்த நாற்காலியில் தாண்டாத கடலும் இல்லை.

அதில் வந்து உட்கார்ந்தார் என் சகலை. மனைவியின் தங்கை கணவர். விடுமுறைக்கு வந்திருந்தார். ஆள் கொஞ்சம் கனம். உட்காரும்போது என்னிடம் கேட்கவில்லை. எழுந்திருக்கும்போது நாற்காலியும் கேட்கவில்லை. அடியில் இருக்கும் வளைந்த கட்டை இரண்டாகப் பிளந்துவிட்டது.

உடைத்ததைக்கூட நான் பொறுத்திருப்பேன். அவர் சிரித்தார்.

"விடுங்க அண்ணே. எங்க ஊர்ல இதெல்லாம் ஒரு விஷயமா? ராத்திரி கேட்டா காலையில வாசல்ல நிக்கும். போனதும் இதே மாதிரி ஒண்ணு அனுப்பறேன்" என்றார்.

போனார். சில வாரம் கழித்து மனைவியின் தங்கை போனில் சொன்னாள், அனுப்பியாயிற்று என்று. நான் ஜன்னல் ஓரத்தைப் பெருக்கிச் சுத்தமாக வைத்தேன். வரவில்லை. மறுபடியும் கேட்டதற்கு அனுப்பியாயிற்று என்றார்கள். வரவில்லை. கடைசியில் அவரே போனை வாங்கி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னார். அதுதான் கடைசி வார்த்தை.

"இன்னுமா வரல? அப்போ சந்தேகமே இல்ல அண்ணே, உங்க துறைமுகத்துலதான் எங்கயோ தூங்குது."

யாரிடம் சொல்கிறார் பாருங்கள். என் கண்ணில் படாமல் ஒரு குண்டூசி இந்த நாட்டுக்குள் நுழைய முடியாது. அனுப்பவே அனுப்பாத நாற்காலியை நான் தூங்கவைத்துவிட்டேனாம். போனை வைத்தேன். இந்த நாற்காலி வந்தால் பேசுகிறேன், அதுவரை பேச மாட்டேன் என்று மனைவியிடம் சொன்னேன். மகள் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

அவர் சொன்னது ஒரு விதத்தில் எனக்கு வேலையும் கொடுத்தது. எந்த நாட்டில் சாமான் எவ்வளவு நாளில் வந்து சேருகிறது என்று விசாரிக்க ஆரம்பித்தேன். துறைமுகத்தில் ஆளுக்கா பஞ்சம்? மாலுமிகள், சமையற்காரர்கள், லாரி ஓட்டுபவர்கள் என்று யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி இதுதான். பாஷை தெரியாதவர்களிடம் கையைக் காட்டிக் கேட்டேன். ஒருவர் பசிக்கிறது என்று நினைத்து எனக்கு ரொட்டி கொடுத்தார்.

மலைகள் மட்டும் உள்ள ஒரு நாடு இருக்கிறதாம். கடல் கிடையாது. அவர்கள் சாமான் பக்கத்து நாட்டுத் துறைமுகத்தில் இறங்கி, லாரியில் மலை ஏற வேண்டும். பாதியில் பனி விழுந்து சாலை மூடிவிடும். பெட்டி குளிர்காலம் முழுவதும் லாரிக்காரர் வீட்டிலேயே தங்கும். பனி விலகிக் கிளம்பும்போது லாரிக்காரர் மனைவி வாசலில் வந்து நின்று, பத்திரமாகப் போய்ச் சேர் என்று பெட்டிக்குச் சொல்வாளாம். இதைச் சொன்னவர் ஒரு லாரிக்காரர். சொல்லிவிட்டு வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

ஒரு தீவு நாடு. கப்பல் கரைக்கு வர முடியாது. அலை அடங்கும் வரை தள்ளியே நின்று, படகில் இறக்க வேண்டும். பெட்டி கரைக்கு வரும் நாளில் தீவே கூடிவிடும். யாருடைய சாமானாக இருந்தாலும் எல்லாரும் ஒரு தடவை தொட்டுப் பார்ப்பார்கள். உரியவர் கைக்குப் போகும்போது அது பழைய சாமான் ஆகியிருக்கும். யாருக்கும் வருத்தமில்லை.

இன்னொரு நாட்டில் அதிகாரிகள் கெட்டிக்காரர்கள். ஒவ்வொரு வாசலிலும் பெட்டியைத் திறந்து பார்த்து, சந்தேகம் தீராமல் வேறு பெட்டிக்குள் வைத்து மூடுவார்கள். ஒரு தொப்பி வாங்கியவர் வீட்டுக்கு அலமாரி அளவு வந்ததாம்.

சகலை இருக்கும் நாட்டைப் பற்றியும் விசாரித்தேன். அவர் சொன்னது உண்மைதான். ராத்திரி கேட்டால் காலையில் வருகிறது. அங்கே போய்வந்த மாலுமி ஒருவர் சொன்னார், பெட்டி வாசலில் நிற்கும்போது, இதை ஏன் கேட்டோம் என்று சிலருக்கு ஞாபகமே வருவதில்லையாம். எனக்குப் பரிதாபமாக இருந்தது. ஒன்றை ஆசைப்பட்டு முடிப்பதற்குள் அது வந்து நிற்கிறது. ஆசைப்படவே நேரம் கொடுக்காத நாடு. அங்கே போய் எப்படித்தான் மனிதன் குடும்பம் நடத்துவான்?

நம் துறைமுகம் அப்படி அல்ல. இங்கே சரக்கு வந்தால் முதலில் ஓய்வு எடுக்கும். ஏன் எடுக்கக்கூடாது? இத்தனை கடலைக் குலுங்கிக் குலுங்கித் தாண்டி வந்த பெட்டி, இறங்கிய உடனே ஓடு என்றால் ஓடுமா? அதற்கும் அசதி இருக்கும். மத்தியானத்தில் என் கிடங்குக்குள் வந்து பாருங்கள். கூரைத் தகட்டில் உள்ள ஓட்டைகள் வழியாக வெயில் கோடு கோடாக இறங்கும். அந்தக் கோடுகளில் தூசி மெதுவாக நீந்தும். பெட்டிகள் வரிசையாக, மூச்சு விடுவது மட்டும் கேட்காத மாதிரி, படுத்திருக்கும். அங்கே ஒருவனுக்கும் அவசரமாக நடக்கத் தோன்றாது.

அந்தக் கிடங்கில் எனக்கென்று ஒரு இடம் உண்டு. கோடி மூலையில் ஒரு மரப்பெட்டி. இடுப்பு உயரம். எனக்கு ஒரு சமயம் காய்ச்சல் வந்து லீவு முடிந்து திரும்பியபோது, கிரேன்காரர் அதை அங்கே கொண்டுவந்து வைத்திருந்தார். எழுத்து இருந்த பக்கம் சுவரைப் பார்த்து இருந்தது. அதில் எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. நம் எழுத்து என்றால் கூட்டிப் படிப்பேன், வெளிநாட்டு எழுத்து என்றால் பூச்சி ஊர்வது மாதிரிதான் தெரியும். அது யாருடையது என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் யாராவது வந்து எடுத்துப் போய்விடுவார்கள்.

அவ்வளவு சுகமான பெட்டி. ஏறி உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாது. சாப்பிட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தால், உள்ளே ஏதோ ஒன்று லேசாக முன்னும் பின்னும் அசையும். கிரீச் என்று மிக மெல்லிய சத்தம். அவ்வளவுதான், கிடங்கு கிளம்பிவிடும். நான் கண்ணை மூடி, சகலை அனுப்பாத நாற்காலி எங்கே இருக்கும் என்று பார்க்கப் போவேன். சில நாள் அது மலைநாட்டு லாரிக்காரர் வீட்டில், பனி பெய்வதைப் பார்த்து ஆடிக்கொண்டிருக்கும். சில நாள் தீவில் ஆளாளுக்கு உட்கார்ந்து பார்ப்பார்கள். ஒரு நாள் கப்பல் தளத்தில் அது தனியாக ஆடியது, நிலா அதில் உட்கார்ந்திருந்தது. கண் விழித்ததும் சகலையைத் திட்டிவிட்டு வேலைக்குப் போவேன். நாற்காலி வீட்டில் இருந்தால்கூட இவ்வளவு தூரம் போயிருக்க மாட்டேன்.

ஒரு தடவை கண்ணாடி போட்ட குமாஸ்தா வந்து, "அண்ணே, அந்தப் பெட்டி விஷயம்..." என்று இழுத்தார். எந்தச் சரக்கு யாரிடம் போனது என்று எழுதுவது அவர் வேலை. நான் இறங்கவே இல்லை. அது என் பெட்டி, நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் உங்கள் மேஜையைப் பாருங்கள் என்றேன். "சரிண்ணே, உங்க பெட்டிதான், யாரு இல்லேன்னா" என்று போய்விட்டார். அதற்குப் பிறகு தொல்லை இல்லை. என் கண்ணைப் பார்த்தாலே எல்லாரும் ஒதுங்கிவிடுவார்கள்.

இப்படி எல்லாம் நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோது மகளுக்கு வேலை கிடைத்தது. சகலை இருக்கும் நாட்டில், சகலை இருக்கும் ஊரில்.

வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம் என்று முகத்தை வைத்துக்கொண்டேன். மகள் பெட்டி வாங்கிவந்தாள். சக்கரம் வைத்த பெட்டி. வீட்டுக்குள் அதை உருட்டிப் பார்த்தாள். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. நான் பெட்டிகளோடு பிழைத்தவன். போகப்போகிற பெட்டிக்கும் வந்து சேர்ந்த பெட்டிக்கும் சத்தத்தில் வித்தியாசம் உண்டு.

முதல் சில மாதம் அவள் சித்தி வீட்டில்தான் தங்க வேண்டும். தங்கைக்குச் சம்மதம். சகலைக்கும் சம்மதம். ஆனால் அவர் ஒரு கொக்கி போட்டிருந்தார். அண்ணன் தன் வாயால் அனுப்புகிறேன் என்று எனக்குச் சொல்லட்டும், இல்லாவிட்டால் நாளைக்கு நாற்காலி கணக்கோடு மகள் கணக்கையும் சேர்த்து என்மேல் எழுதிவிடுவார் என்று சொன்னாராம். மாதக் கடைசிக்குள் அவள் வேலையில் சேர வேண்டும்.

இத்தனை வருஷமாக நான் சோறு போட்டு வளர்த்த கோபம், முதல் முறையாக எனக்கு ஒரு உதவி செய்தது. நான் பேசாவிட்டால் மகள் போக முடியாது. போகாதே என்று நான் சொல்ல வேண்டியதே இல்லை. நல்ல அப்பாவாகவும் இருக்கலாம், மகளும் வீட்டில் இருப்பாள். எல்லாப் பழியும் வராத நாற்காலிமேல்.

சாயங்காலம் மனைவி துணி மடித்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"என்னங்க, ஒரு வார்த்தை பேசிடுங்களேன்."

"நாற்காலி வரட்டும்."

"வந்தா பேசுவீங்களா?"

"நான் எப்ப வார்த்தை மாறியிருக்கேன்?"

அவள் ஒரு சட்டையை மடித்து முடித்தாள். பிறகு கடையில் ஒரு நாற்காலி வாங்கிக்கொண்டு வந்தால் சரியா என்று கேட்டாள். நான் சிரித்தேன். இந்த மாதிரி குறுக்கு வழியெல்லாம் அடைக்கத்தானே இத்தனை வருஷம் கிடங்குக்குக் காவல் இருக்கிறேன். ஒவ்வொரு கதவாகச் சாத்தினேன். கடை நாற்காலி செல்லாது. இனிமேல் புதிதாக அனுப்பினாலும் செல்லாது. அன்றைக்கு அனுப்பினேன் என்று சொன்னாரே, அதே நாற்காலி வர வேண்டும். விமானத்தில் வரக்கூடாது, கப்பலில் வர வேண்டும். நம் துறைமுகத்தில் இறங்க வேண்டும். என் கிடங்கு வழியாக, என் பெயர் போட்டு, என் கண் முன்னால் வர வேண்டும்.

"அப்படி வந்தா?"

"வந்தா நானே போன் போட்டு, நானே முதல்ல வணக்கம் சொல்லி, தப்பு எங்க துறைமுகத்து மேலதான்னு சொல்றேன். போதுமா?"

"போதும். கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. பக்கத்து வீட்டுக்காரருக்குச் சரியா கேக்கலையாம்."

பக்கத்து வீட்டில் தையல்காரர். சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் சத்தம் நின்று ரொம்ப நேரம் ஆகியிருந்தது. நான் எழுந்து போய் ஜன்னலில் நின்று சத்தமாகவே சொன்னேன். எனக்கென்ன பயம்? தையல்காரர் ஊசியை வாயில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

திரும்பி வந்ததும் அவள் கேட்டாள், "அந்த மாதிரி நாற்காலி வந்தா, பெட்டி எப்படி இருக்கும்?"

தொழில் விஷயம் கேட்டால் எனக்குக் கோபம் நிற்காது. ஆடும் நாற்காலி என்றால் முதுகுப் பலகையைக் கழற்றிப் படுக்க வைத்திருப்பார்கள், அடிப்பாகம் முழுசாக இருக்கும், அதனால் பெட்டி இந்த உயரம், இந்த அகலம் என்று கையைக் காட்டினேன். வெளிநாட்டு மரவாசனை அடிக்கும் என்றேன். மூலையில் தகடு அடித்திருக்கும் என்றேன். சரியாகப் பொதியாவிட்டால் உள்ளே கொஞ்சம் ஆடும் என்றும் சொன்னேன்.

"உக்கார சுகமா இருக்குமா?"

"நாற்காலியா?"

"நாற்காலியத்தான் கேக்கறேன், வேற என்னத்தக் கேப்பேன்."

ரொம்ப சுகமாக இருக்கும் என்றேன். அவள் மடித்த துணியை அலமாரியில் வைக்கப் போனாள். போகும்போது ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தாள். பாவம், மகள் கவலையில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் நான் பெட்டிமேல் ஏறிச் சாய்ந்திருந்தேன். நாற்காலி அன்றைக்குத் தீவில் இருந்தது. மகள் அதில் உட்கார்ந்திருந்தாள், பள்ளிக்கூட வயசில். அலை அடங்கவில்லை. படகு கிளம்பாது, இன்றைக்கு யாரும் எங்கேயும் போக முடியாது என்று படகோட்டி சொன்னார். நல்ல மனிதர்.

"என்னங்க."

கண்ணைத் திறந்தால் மனைவி. கையில் சாப்பாட்டுத் தூக்கு. அவள் கிடங்குக்கு வருவதே அபூர்வம். அவளுக்குப் பின்னால் கண்ணாடி குமாஸ்தா. அவருக்குப் பின்னால் கிரேன்காரர். அவர் என் கண்ணைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்.

"காலையில சரியா சாப்பிடாம வந்துட்டீங்க. சாப்பிடுங்க முதல்ல" என்றாள்.

சாப்பிட்டேன். மூன்று பேர் நின்று பார்க்க ஒருவன் சாப்பிடுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கை கழுவியதும் சொன்னாள், "கொஞ்சம் இறங்குங்க."

"எதுக்கு?"

"இறங்குங்களேன். நாற்காலி மேல உக்காந்துட்டே நாற்காலி வரலன்னு எத்தன நாளைக்குச் சொல்லுவீங்க?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இறங்கினேன். கிரேன்காரர் பெட்டியின் ஒரு மூலையைப் பிடித்தார். எழுத்து இருந்த பக்கம் சுவரை விட்டு மெதுவாகத் திரும்பி, வெயில் கோட்டுக்குள் வந்தது. தூசியைத் துடைத்துவிட்டு, குமாஸ்தா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். என் பெயர். கிடங்கின் பெயர். அனுப்பியவர் இடத்தில் சகலையின் பெயர். வீட்டுக்கு அனுப்பினால் தாமதமாகும், வேலை செய்யும் இடத்துக்கே அனுப்பினால் இறங்கிய அன்றே கையில் கிடைக்கும் என்று கிடங்கு விலாசம் போட்டிருந்தாராம். கெட்டிக்காரர்.

"ஏன்யா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டீரா?" என்று குமாஸ்தாவிடம் பாய்ந்தேன்.

"சொல்லத்தானே வந்தேன். என் பெட்டி, நான் பாத்துக்கறேன்னு சொன்னீங்க. அப்புறம் தினமும் அது மேலயே உக்காந்திருக்கீங்க. உரியவர் கைக்குப் போயாச்சுன்னு எழுதிட்டேன். இதவிட எப்படிண்ணே ஒருத்தர் கையில குடுக்கறது?"

"நீராவது சொல்லியிருக்கலாமே" என்று கிரேன்காரரைப் பார்த்தேன்.

"வீட்ல எடமில்ல போலன்னு நெனச்சேன்" என்றார் அவர். கூரையைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

நான் நின்றேன். எத்தனை நாட்டுச் சாமான் எத்தனை நாளில் வருகிறது என்று விசாரித்தவன் நான். பனியில் மாட்டிய பெட்டி, அலையில் நின்ற பெட்டி, ஒன்றுக்குள் ஒன்று போன பெட்டி, எல்லாம் தெரியும். இவை எல்லாவற்றையும்விட அதிக காலம் எடுத்துக்கொண்டு, இன்னும் வந்து சேராமல் இருந்த ஒரே பெட்டி, தினமும் மத்தியானம் என் எடைக்கு அடியில் இருந்தது.

ஒரு கைவண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனோம். தெருவில் எல்லாரும் பார்த்தார்கள். வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் உள்ளே கிரீச் என்றது. எனக்குப் பழகிய சத்தம். பின்னால் நடந்துபோகும்போது அது என்னைவிட்டு எங்கேயோ போகிற மாதிரி இருந்தது. வருகிற சாமானைப் பார்த்து எனக்கு அப்படித் தோன்றியது அதுதான் முதல் தடவை.

வழியில் மனைவியிடம் கேட்டேன், உனக்கு எப்போது தெரியும் என்று.

"ரொம்ப நாளாச்சு. ஒரு தடவை உங்க மூக்குக்கண்ணாடிய மறந்துட்டுப் போயிட்டீங்கன்னு கொண்டாந்தேன். நீங்க அது மேல தூங்கிட்டிருந்தீங்க. வாய் வேற திறந்திருந்துச்சு. சுவத்துப் பக்கமா எட்டிப் பாத்தேன். உங்க பேரு."

"அப்பவே ஏன்டி சொல்லல?"

"சொன்னா அந்தக் கோபம் அன்னைக்கே தீந்து போயிருக்கும். நீங்க சும்மா இருப்பீங்களா, புதுசா ஒண்ணு பிடிச்சிருப்பீங்க. யார் மேலயோ, எதுக்கோ. இது பழகின கோபம், வீட்டுக்குத் தொந்தரவு இல்லாதது. தேவைப்படறப்ப எடுத்துக்கலாம்னு விட்டு வச்சேன்."

நான் கிடங்கில் சரக்கு வைத்திருந்தேன். அவள் என்னை வைத்திருந்தாள்.

வீட்டு வாசலில் தையல்காரர் நின்றிருந்தார். ஊசி இன்னும் வாயில்தான் இருந்தது. சாட்சி சொல்ல வந்தவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டார். மகள் ஓடிவந்தாள். போனை எடுத்து, எண்ணைப் போட்டு, என் கையில் கொடுத்தாள். கொடுத்த பிறகும் அதன் ஒரு ஓரத்தை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றாள். இந்தப் பெண் போக எவ்வளவு ஆசைப்படுகிறாள் என்று எனக்கு அந்தப் பிடியில்தான் தெரிந்தது. அதற்கு முன் நான் பார்க்கவில்லை. பெட்டியின் எழுத்துப் பக்கத்தைப் பார்க்காத மாதிரிதான்.

"வணக்கம்" என்றேன்.

என் வணக்கம் போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் பிடித்தது. கடல் அளவு தூரம் ஆயிற்றே.

"அண்ணே?" என்றார் சகலை. "நல்லா இருக்கீங்களா?"

"நாற்காலி வந்துடுச்சு."

"எப்போ?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தையல்காரரைப் பார்த்தாள். தையல்காரர் என்னைப் பார்த்தார்.

"இப்பத்தான்" என்றேன். "எங்க துறைமுகம் கொஞ்சம் மெதுவு. தப்பு எங்க மேலதான். பொண்ண அனுப்பறேன். பத்திரமாப் பாத்துக்கங்க."

"நம்ம பொண்ணுண்ணே" என்றார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஒரு புதுக் கோபத்துக்காவது வழி கிடைத்திருக்கும். அதையும் கொடுக்காமல் விட்டார். இதை மட்டும் நான் மறக்கப்போவதில்லை.

மாதக் கடைசிக்கு முன்பே மகள் கிளம்பினாள். சக்கரப் பெட்டி தெருவில் உருண்டு போகிற சத்தம் மூலை திரும்பும் வரை கேட்டது. ஒரு பெட்டி போய்ச் சேர எத்தனை நாள் ஆகும் என்று உலகம் முழுக்க விசாரித்தவன், ஒரு பெண் திரும்பி வர எத்தனை நாள் ஆகும் என்று யாரையும் கேட்டு வைக்கவில்லை. நான் மலைநாட்டுச் சாலையை நினைத்தேன். தீவின் அலையை நினைத்தேன். எங்கேயாவது ஒரு வேளை தங்கிப் போவாள் என்று நினைத்துக்கொண்டே வேலைக்குப் போனேன். மறுநாளே போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று போன் செய்தாள். அந்த நாட்டுக்கு எல்லாமே வேகம்தான்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். ஜன்னல் ஓரத்தில் நாற்காலி. தையல்காரர் முதுகுப் பலகையைப் பூட்டிக் கொடுத்திருந்தார், கையோடு ஒரு மெத்தையும் தைத்துப் போட்டிருந்தார். அதில் என் மனைவி உட்கார்ந்து, கண்ணை மூடி, மெல்ல ஆடிக்கொண்டிருந்தாள். முகத்தில் அவ்வளவு தூரம் தெரிந்தது. மகள் இருக்கும் ஊர் வரை போய்க்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

"எழுந்திரு. அது என் நாற்காலி" என்றேன்.

கண்ணைத் திறக்கவில்லை. கையை மட்டும் காட்டினாள். எதிர்ச் சுவர் ஓரம் அந்தக் காலிப் பெட்டி, துடைத்துச் சுத்தமாக, மேலே ஒரு துணி விரித்து.

"உங்களுக்குத்தான் அது பழகிடுச்சே" என்றாள்.

ஏறி உட்கார்ந்தேன். கால் தரையைத் தொடவில்லை. சுவரில் சாய்ந்தேன், கண்ணை மூடினேன். காத்திருந்தேன். பெட்டிக்குள் ஒன்றும் அசையவில்லை. மலையும் இல்லை, தீவும் இல்லை.

"என்னடி, கடலே வரமாட்டேங்குது" என்றேன்.

நாற்காலி ஒரு முறை முன்னால் போய்ப் பின்னால் வந்தது.

"வரும், வரும்" என்றாள் அவள். "நம்ம துறைமுகம் வழியாத்தானே வரணும்."